ஸ்மாக் செக் தேர்வில் அனுபவமுள்ள மெக்கானிக் எங்கே தவறுகிறார்?

கேள்வி: அண்ணா, கோவையில் 11 வருஷம் கார் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். இப்போது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம் ஒரு கராஜில் இருக்கிறேன். வண்டியின் புகை மாசைச் சோதிக்கும் ஸ்மாக் செக் இன்ஸ்பெக்டர் லைசென்ஸுக்கான 68 மணி நேரப் பயிற்சி, 28 மணி நேரப் பயிற்சி இரண்டையும் முடித்தாயிற்று. ஆனால் தேர்வில் இரண்டு தடவை தவறிவிட்டேன். இன்ஜினில் எனக்குத் தெரியாததாக எதையும் அவர்கள் கேட்கவில்லை. எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில்: தம்பி, இன்ஜின் தெரிந்ததுதான் உங்களைக் காலை வாரியிருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தத் தேர்வு இன்ஜின் அறிவை ஓரளவுக்குத்தான் கேட்கும். அங்கே பி.ஏ.ஆர். என்று சொல்லப்படும் வாகனப் பழுதுபார்ப்புப் பணியகம் எழுதி வைத்திருக்கும் முறைப்படி ஒரு வண்டியைப் பார்ப்பீர்களா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் பார்த்துச் சான்று கொடுக்க மட்டும்தான். ஸ்மாக்கில் தோற்ற வண்டியைச் சரிசெய்வதற்கு ரிப்பேர் டெக்னீஷியன் லைசென்ஸ் தனியாக இருக்கிறது.

வகுப்பில் நான் அடிக்கடி செய்து பார்ப்பதைச் சொல்கிறேன். 1994 மாடல் கார் ஒன்று. அதில் எரிந்த புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வுக்குப் போகும் வேக்குவம் ஹோஸை, சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது, கழற்றித் தொங்கவிட்டு வைப்பேன். பானெட்டைத் தூக்கியதும் பத்து வருஷ அனுபவம் உள்ளவரின் கை தானாகப் போய் அதைச் சொருகிவிடும். சொருகியது அவருக்கே நினைவிருக்காது. புதிதாக வந்த பையன் கையைக் கட்டிக்கொண்டு ஹோஸைப் பார்ப்பான், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் எமிஷன் லேபிளைப் பார்ப்பான், ‘கழன்றிருக்கிறது’ என்று பதிவு செய்வான். அவன் செய்ததுதான் சரி. வண்டி எப்படி வந்ததோ அப்படியே எழுத வேண்டும், அந்த நிலையில் அது ஃபெயில். தேர்வில் ‘ஹோஸை மாட்டிவிட்டுச் சோதனையைத் தொடரலாம்’ என்று ஒரு விடை இருந்தால் உங்கள் கை அங்கேதான் போயிருக்கும்.

அந்த லேபிளைப் படிக்க நன்றாகப் பழகுங்கள். அதில் குறித்திருக்கும் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி வண்டியில் இல்லையென்றால் ‘காணவில்லை’. அந்த வண்டிக்கு அந்தக் கருவியே கிடையாது என்றால் ‘பொருந்தாது’. இருக்கிறது, ஆனால் கெட்டுவிட்டது என்றால் ‘பழுது’. கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் அனுமதி எண் வேண்டிய வெளிச்சந்தைப் பாகம் எண் இல்லாமல் மாட்டப்பட்டிருந்தால் ‘மாற்றப்பட்டது’. பட்டறையில் இதையெல்லாம் ‘சரியில்லை’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். இங்கே அது நடக்காது.

அடுத்தது வருஷக் கணக்கு. எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் மாடல் வருஷம், எரிபொருள் இரண்டையும் பென்சிலால் வட்டமிடுவது போல மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியில் 1975-உம் அதற்கு முந்தையதும் சோதனைக்கே வராது. 1976 முதல் 1999 வரை உள்ளவற்றுக்குச் சைலன்சர் முனையில் வாயுவை அளக்க வேண்டும். உங்கள் பகுதியில் அது உருளைமேல் ஓட்டி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் செய்யும் சோதனை. உருளையில் ஏற்ற முடியாத நான்கு சக்கர இழுவை வண்டிக்கு, நின்ற இடத்திலேயே ஐடிலிலும் 2500 ஆர்.பி.எம்.மிலும் பார்ப்பார்கள். 2000 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிக்கும் வாயு அளவை இல்லை. 2015-இல் வந்த ஓ.ஐ.எஸ். என்ற சோதனைக் கருவியை வண்டியில் செருகி, வண்டியின் கணினி சொல்வதைப் படிக்க வேண்டும். பானெட்டைத் திறந்து பார்க்கும் வேலையும் புகை வருகிறதா என்று பார்க்கும் வேலையும் அப்போதும் உண்டு.

பலருக்கு மதிப்பெண் போகும் இடம் ரெடினஸ் மானிட்டர், அதாவது வண்டியின் கணினி தன் மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது. 2003 மாடல் பெட்ரோல் கார், எவாப் (பெட்ரோல் ஆவி) மானிட்டர் மட்டும் முடியவில்லை என்றால் அது தடையில்லை. அதே காரில் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) மானிட்டர் முடியாமல் இருந்தால் தேறாது. 1998 மாடல் பெட்ரோல் காரில் ஏதாவது ஒன்று, கேட்டலிஸ்டாகவே இருந்தாலும், முடியாமல் இருக்கலாம். 1998 டீசல் வண்டியில் ஒன்றுகூடக் கூடாது. பேட்டரியைக் கழற்றி மாட்டி, கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டை (கோடு) அழிக்கும் பழைய வித்தை தெரியும் அல்லவா? அதைத் தடுக்கத்தான் நிரந்தரக் கோடு என்று ஒன்று உண்டு. அதை ஸ்கேனரால் அழிக்க முடியாது. 2019 ஜூலை முதல் 2010 மாடலிலும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் அது இருந்தால் ஃபெயில். கடைசியாகக் கோடு அழித்தபின் இன்ஜின் குளிர்ந்து மீண்டும் சூடாகும் 15 வார்ம்-அப் சுற்றும் 200 மைலும் ஓடியிருந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

செக் இன்ஜின் விளக்கு எரியக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சாவியைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாத நிலையில் அது எரிந்தே ஆக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு வரும் வண்டி அங்கேதான் பிடிபடும்.

வாயுக்களில் உங்களுக்குப் புதிது என்.ஓ. (நைட்ரிக் ஆக்சைடு) ஒன்றுதான். நம் ஊர் பி.யு.சி. புகைச் சோதனையில் பெட்ரோல் வண்டிக்கு சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு), எச்.சி. (எரியாத எரிபொருள்) பார்க்கிறார்கள், புதிய வண்டியென்றால் லாம்டாவும் (காற்று-எரிபொருள் விகிதம்) உண்டு, என்.ஓ. கிடையாது. எரியறை மிகவும் சூடானால் என்.ஓ. ஏறும். இ.ஜி.ஆர். ஓடவில்லை, டைமிங் முன்னால் போய்விட்டது, ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று அங்கிருந்து யோசியுங்கள். எச்.சி.யும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறினால் மிஸ்ஃபயர். எச்.சி.யும் சி.ஓ.வும் சேர்ந்து ஏறினால் பெட்ரோல் அதிகம். இந்த வாசனையெல்லாம் உங்கள் மூக்குக்கே தெரியும், எண்ணோடு பொருத்திப் பார்த்தால் போதும்.

சட்டப் பகுதியைத் தயவுசெய்து கடைசி இரவுக்கு ஒதுக்காதீர்கள். வேலை தொடங்குமுன் வாடிக்கையாளருக்கு எழுத்தில் மதிப்பீடு கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆவணங்களை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். உங்கள் ரகசிய எண்ணை முதலாளி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஒரு வண்டியின் புகையை இன்னொரு வண்டியின் பெயரில் அளப்பதற்கு ‘கிளீன் பைப்பிங்’ என்று பெயர், அது லைசென்ஸையே பறித்துவிடும் குற்றம். அப்படித் தப்பிய வண்டியின் புகையைத்தான் பக்கத்துத் தெருக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள், தம்பி. மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள்.

மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பணியகத்தின் ஸ்மாக் செக் கையேடு இணையத்தில் இலவசம். கேள்விவிடைத் தொகுப்புகளை மூடி வைத்துவிட்டு அதைத் தினம் கொஞ்சமாகப் படியுங்கள். மாடல் வருஷம், சோதனை வகை, எதனால் ஃபெயில் என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள், மொழி தமிழாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், கராஜ் முதலாளியிடம் அனுமதி கேட்டு, சோதனை நடக்கும்போது ஒரு சனிக்கிழமை முழுக்க ஓரமாக நின்று பாருங்கள். எதையும் தொடாதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் இன்ஸ்பெக்டர் எழுதுமுன் நீங்கள் நோட்டில் எழுதி, அறிக்கை வந்ததும் ஒப்பிடுங்கள்.

கோவையில் கற்ற வேலை வீணாகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். இந்த லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஏ6, ஏ8, எல்1 என்ற ஏ.எஸ்.இ. (அமெரிக்க மெக்கானிக் தேர்ச்சி) சான்றுகளுக்குப் படியுங்கள். ரிப்பேர் லைசென்ஸ் தேர்வுக்கு அது ஒரு வழி. தொங்கும் ஹோஸை அங்கே தாராளமாக மாட்டலாம்.