தாத்தா ஆல்பத்து ஜோடி ஸ்டாம்புகளைத் தண்ணீரில் போடாதீர்கள்

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதியவருக்கு வணக்கம். 1926ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க ஸ்டாம்புகள், ஒன்றில் ஆங்கிலம், அடுத்ததில் ஆப்பிரிக்கான்ஸ் என்று சேர்ந்தே அச்சான ஜோடிகள், முத்திரை விழாதவை, பின்னால் ஹிஞ்ச் (ஆல்பத்தில் பொருத்த ஒட்டும் சிறு பசைக் காகிதம்) ஒட்டியிருக்கிறது, ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டால் மூலப் பசை, அதாவது அச்சிட்டபோதே பின்னால் பூசிய பசை, கரைந்துவிடும். மதிப்பில் பெரும்பங்கும் அதோடு போய்விடும்.

முதலில் ஹிஞ்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுத் துளைவரிசையின் மேல் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அதுவாக இருக்கலாம். உரித்தால் ஜோடி பிரியும். பிரிந்த ஒற்றைக்கு மதிப்பு மிகக் குறைவு. தொடாமல் விடுங்கள். வேறிடத்தில் இருந்தால் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பாருங்கள். தானே வந்தால் சரி. அடம்பிடித்தால் நிறுத்திவிடுங்கள், ஸ்டாம்பின் காகிதமே பிய்ந்து மெலிந்துவிடும். அது ஹிஞ்ச் தடத்தைவிடப் பெரிய குறை.

அந்தக் காலத்து ஸ்டாம்பில் ஹிஞ்ச் தடம் சகஜம். தடமே இல்லாமல் பளபளப்பதைத்தான் விலை கொடுக்குமுன் சோதிக்க வேண்டும், தடத்தை மறைக்கப் புதுப் பசை பூசியிருக்கலாம். 10 மடங்கு லென்ஸில் துளைப் பற்களின் நுனியைப் பாருங்கள்: மூலப் பசை என்றால் நார் மென்மையாக, வெறுமையாக நிற்கும், பிறகு பூசிய பசை நாரில் ஏறி விறைத்திருக்கும்.

டர்பன் ஈரக்காற்றுக்கு ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள், மேலே பாரம் வேண்டாம்.