சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கும்போது சென்சார் அளவை ஏன் முதலில் பார்க்க வேண்டும்?

லென்ஸ் வழியாக வரும் ஒளியை வாங்கிப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். அந்தக் காலத்தில் ஃபிலிம் செய்த வேலை. விலை குறைந்த பாக்கெட் கேமராக்கள் பலவற்றில் இது சுமார் 6.2 × 4.6 மி.மீ.தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-இல் 13.2 × 8.8 மி.மீ., அதாவது பரப்பில் நான்கு மடங்கு.

மழை பெய்யும்போது முற்றத்தில் அண்டாவையும் சொம்பையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? வாய் அகன்ற அண்டாவில்தானே. ஒளியும் அப்படித்தான் சேர்கிறது. போதாதபோது, கிடைத்த கொஞ்சத்தைக் கேமரா மின்னணு முறையில் பெருக்குகிறது. கூடவே பிசிறும் பெருகிவிடும். இரவில் கல்யாண மண்டபத்தில் எடுத்த படத்தில், கறுத்த தலைமுடி மீது சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரிவது இதனால்தான். சென்சாருக்கு அடுத்து லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணைப் பாருங்கள், 1.8 போலச் சிறிதாக இருந்தால் ஒளி தாராளமாக வரும். ஜூமில் ஆப்டிகல் எண், அதாவது லென்ஸே பெரிதாக்கிக் காட்டும் அளவு, மட்டுமே கணக்கு. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

மெகாபிக்சல், அதாவது படத்தின் புள்ளிகளை (பிக்சல்) பத்து லட்சக் கணக்கில் சொல்லும் எண், கூடினால் படம் தெளிவாகும் என்று பலர் நம்புகிறார்கள். அதே சின்னச் சென்சாரில் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி குறையத்தான் செய்யும், ஏ4 அளவில் நன்றாக அச்சிடச் சுமார் 9 மெகாபிக்சலே போதும்.