முத்தொகுதியின் கடைசி நாவலிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி: நூலகத்தில் மார்கரெட் அட்வுட்டின் 'மேட்ஆடம்' கிடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஒரு முத்தொகுதியின் கடைசி நாவல் என்று தெரிந்தது. முதல் இரண்டும் அங்கே இல்லை. புத்தகத்தின் தொடக்கத்திலேயே முன்கதைச் சுருக்கம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இதைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். கதை புரியும், சுருக்கம் அதற்குப் போதும். ஆனால் கொள்ளைநோய் பரவி மனித இனமே ஏறக்குறைய அழிந்தது எப்படி என்பதை முதல் நாவல் கடைசி வரை பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. சுருக்கம் அதைச் சில வரிகளில் உடைத்துவிடும்.

அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. 'மேட்ஆடம்' தொடக்கத்தில் டோபி என்ற பெண் கிரேக்கர்களுக்குக் கதை சொல்கிறாள். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட, சூதுவாது தெரியாத மனிதர்கள் அவர்கள். கதைக்கு முன் அவள், முதல் நாவலின் நாயகன் ஜிம்மியின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டும், மீன் சாப்பிட வேண்டும், கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். புதிதாக வருபவருக்கு இது வெறும் விசித்திரச் சடங்கு. முதல் நாவலைப் படித்தவருக்கோ அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தனியாக, பசியோடு கிடந்த ஜிம்மி, வாரம் ஒரு மீன் தர வேண்டும் என்பது அவர்களை உருவாக்கிய கிரேக்கின் கட்டளை என்று அவர்களிடம் சொல்லிவைத்தான். வயிற்றுக்காகச் சொன்ன அந்தப் பொய் இங்கே வேதமாகி நிற்கிறது. ஒரு மதம் பிறப்பதை இவ்வளவு பக்கத்தில் காட்டும் நாவல் என் வாசிப்பில் வேறில்லை. அதை நீங்கள் தவறவிடக் கூடாது.

அதனால் 2003இல் வந்த 'ஓரிக்ஸ் அண்ட் கிரேக்'கை முதலில் தேடிப் பிடியுங்கள். 2009இல் வந்த 'தி இயர் ஆஃப் தி ஃப்ளட்' அதன் தொடர்ச்சி அல்ல. அதே காலத்தை டோபி, ரென் என்ற இரு பெண்களின் வழியாகச் சொல்வது. இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து முடியும், 2013இல் வந்த 'மேட்ஆடம்' அங்கிருந்து புறப்படும். இரண்டாவது முதலில் கிடைத்தால் அதிலிருந்தே தொடங்கினாலும் பாதகமில்லை.

சரி, மூன்றாவதில் குறையே இல்லையா? டோபியின் காதலன் ஸெப்பின் பழைய கதை நீளும் நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கும். பொறுமையாகக் கடந்து வாருங்கள். கிரேக்கர் சிறுவன் பிளாக்பியர்ட் டோபியிடம் எழுதக் கற்கும் பக்கங்கள் காத்திருக்கின்றன.

இப்போதைக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் நாவலை வரவழைத்துத் தர முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். முதல் இரண்டையும் எப்போதோ படித்து மறந்துபோனவர்களுக்குத்தான் அந்தச் சுருக்கம். நீங்கள் அந்தப் பக்கங்களை இப்போது புரட்டவே வேண்டாம்.