பாவு ஓடிய சேலை

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் என் பாட்டியைப் பழைய பிலிம் கேமராவில் எடுத்தேன். 36 படங்களில் ஒன்றில் மட்டும் அவர் தோளை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் கசிந்திருக்கிறது. அதுதான் மனதில் நிற்கிறது. அடுத்த ரோலில் வேண்டுமென்றே பின்மூடியைத் திறந்து மூடினேன். அந்த அழகு வரவில்லை. எந்த பிலிம் வாங்கினால் அப்படி வரும்?

ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள தம்பி,

எந்த பிலிம் என்பதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

பழைய கேமராவில் மூடி ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். அந்த இடுக்கில் நுழையும் வெளிச்சம் பிலிமின் முதுகில் விழுகிறது. கலர் நெகட்டிவில் சிவப்பைப் பதியும் அடுக்கு முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. முதல் அடி அதற்கு. நிறம் வந்த வழி அது. ஆனால் அன்று உங்கள் கண் பாட்டி மேல் இருந்தது. அடுத்த ரோலில் யார் இருந்தார்கள்? கடிதத்தில் அதைச் சொல்லக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

என் அப்பாவிடம் அக்ஃபா கிளிக் III கேமரா இருந்தது. ஒரு ரோலுக்கு 12 படம். பிலிமைச் சுற்ற மறந்தால் எடுத்த கட்டத்திலேயே அடுத்த படமும் விழும். ஒவ்வொரு படத்தையும் நோட்டில் குறித்துவைக்கும் மனிதர், ஒரே ஒருமுறை மறந்தார். ஏற்காடு ஏரிக்கரையில், பனிமூட்டத்தில், அரக்குச் சேலையில் அம்மா. மறுநாள் காலை, சேலம் குகைப் பகுதியில் நெசவாளர்கள் நூல் விரிக்கும் பாவடித் திடலில், தாத்தா தறிக்கான நீள இழைகளை, அதாவது பாவை, விரித்திருந்தார். அதுவும் அதே கட்டத்தில் விழுந்தது.

"கெட்டுப்போச்சு சார்" என்று ஸ்டுடியோவில் பிரிண்ட் போடவில்லை. அப்பா திரும்பப் போய்க் கேட்டு வாங்கிவந்தார். பனியின் வெண்மையில் தாத்தா பதியவே இல்லை. சேலையின் இருட்டில் மட்டும் வெள்ளை இழைகள், தோளிலிருந்து கணுக்கால் வரை, ஒன்றுகூட அறாமல் ஓடுகின்றன. எண்ணிப் பார்க்கலாம் போல அத்தனை துல்லியம். அப்பா நடுங்காமல் பிடித்திருக்கிறார், தம்பி, இரண்டு முறையும்.

அப்பாவுக்கு வருத்தம் தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சேலையில் அம்மாவை மறுபடி மலைக்குக் கூட்டிப்போய், ஒழுங்காகச் சுற்றி, ஒழுங்காக ஒரு படம் எடுத்தார்.

பஞ்சை மாற்றுங்கள். பழம் பறிப்பு முடிவதற்குள் பாட்டியிடம் போங்கள். 36-ம் அவருக்கே.