இருபது நிமிடத்தில் பாதியாகும் பொருள்

ஐயா, மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்களும் அம்மாவும் அவளை என்ன படிக்கவைப்பது என்று அரை மணி நேரம் என்னிடம் பேசினீர்கள். உங்கள் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அதைப் பார்த்து வளர்ந்தவள், மூளையில் என்ன நடக்கிறது என்று ஆராய ஆசைப்படுகிறாள். அப்படியானால் டாக்டர் படிப்புதான் என்று உங்கள் அண்ணன் தீர்ப்பும் எழுதிவிட்டார். கவலைப்படாதீர்கள் என்று அன்று சொல்லி அனுப்பினேன். இன்று கொஞ்சம் கசப்பாகவே எழுதுகிறேன்.

தனியாகப் பேசியபோது அவள் வாயில் நோயாளி, ஆஸ்பத்திரி என்ற சொல்லே வரவில்லை. வேதியியல் ஆய்வக நோட்டைக் காட்டினாள். விளைபொருள் ஏன் குறைந்தது என்று மூன்று பக்கம் எழுதி, இரண்டை அடித்திருந்தாள். இவளை யாருடைய பெருமைக்காக வார்டுக்கு அனுப்பப்போகிறீர்கள்?

மருத்துவம், உளவியல் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பட்டியலில் இல்லாதது கதிரியக்க மருந்து வேதியியல்: கதிர்வீசும் அணுவை மூலக்கூறில் பொருத்தி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று பார்க்க வழிசெய்யும் துறை.

மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனை நேரடியாகப் படம் பிடிக்க முடியாது. சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் உண்டாக்கிய, கதிர்வீசும் ஃபுளோரின்-18ஐ, டோபமைனுக்கு மூலப்பொருளான டோபா மூலக்கூறில் பொருத்தி ஊசியில் ஏற்றுகிறார்கள். டோபமைன் தயாரிக்கும் நரம்பு முனைகள் அதை உள்வாங்குவதை, அந்தக் கதிரைப் பிடித்துப் படமாக்கும் பெட் ஸ்கேன் காட்டுகிறது. மனச்சிதைவு உள்ள பலருக்கு மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் இந்தத் தயாரிப்பு கூடியிருப்பது இப்படித்தான் தெரியவந்தது. வழக்கமான மருந்துகளுக்கு மசியாதவர்கள் பலரிடம் அந்த உயர்வைக் காணோம். தம்பிக்கு மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியைத்தான் இவர்களும் துரத்துகிறார்கள். (அதற்காகத் தம்பியை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒருவரின் நோயைப் படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்யும் நிலை இன்னும் வரவில்லை.)

ஃபுளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது அது சிதைந்து பாதியாகும் நேரம், சுமார் 110 நிமிடம். டோபமைன் வந்து ஒட்டும் ஏற்பிகளைப் பார்க்க உதவும் ராக்லோபிரைடு என்ற சேர்மத்தில் சேர்க்கும் கார்பன்-11க்கோ 20 நிமிடம்தான். ஈயச் சுவருக்குப் பின்னால் வினையை முடித்து, சுத்திகரித்து, தரம் பார்த்து அனுப்புவதற்குள் 40 நிமிடம் ஓடிவிட்டால் கால்வாசிதான் மிச்சம். விளைபொருள் குறைந்ததற்கு மூன்று பக்கம் எழுதுகிறவள் வேண்டியிருப்பது இங்கேதான்.

வேலையிடங்கள் குறைவு, மறைக்கவில்லை. சைக்ளோட்ரான் எட்டுகிற இடத்தில்தான் பிழைப்பு. ஆனால் புற்றுநோய்க்கான பெட் ஸ்கேனுக்கும் ஃபுளோரின்-18தான் பெரிதும் பயன்படுகிறது. ஆராய்ச்சி கைவிட்டாலும் கைத்தொழில் நிற்கும்.

பணத்தில் மட்டும் நான் இளக மாட்டேன். இளநிலை, முதுநிலை வரை உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை இல்லாத இடம் கிடைத்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். வீட்டை அடமானம் வைக்கும் பேச்சையே விடுங்கள். சித்தப்பாவை இவள்தான் குணமாக்கப்போகிறாள் என்று அவள் காதுபடச் சொல்வதையும் நிறுத்துங்கள்.

அடுத்த முறை அண்ணன் வர வேண்டாம். அவளையும் அந்த நோட்டையும் அழைத்து வாருங்கள். இந்த முறை வெளியே உட்காரப்போவது நீங்கள்.