வாசகர் கேள்வி: சிலைக்கு டார்ச் அடிப்பது எப்படி?

கே: சிங்கப்பூர் ஆற்றின் கெவெனா பாலத்தருகே, ஆற்றில் குதிக்கும் சிறுவர்களின் வெண்கலச் சிலைகளை இரவில் படம் எடுத்தேன். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8, ஷட்டர் திறந்திருந்தது 30 நொடி. 4 மீட்டர் தள்ளி நின்று டார்ச் அடித்தும் அடித்த மாதிரியே தெரியவில்லை. பின்னால் இருந்த கட்டடங்களும் வெளுத்துப்போயின. பெரிய டார்ச் வாங்கவேண்டுமா?
– செங்காங் வாசகர்

ப: வேண்டாம். குறை ஷட்டர் நேரத்தில் இருக்கிறது. ஊர் வெளிச்சம் 30 நொடியும் சென்சாரில் சேர்ந்துகொண்டே போகிறது. உங்கள் டார்ச் எரிந்தது ஐந்தாறு நொடி இருக்குமா? அப்பர்ச்சரைச் சுருக்கினால் இரண்டு வெளிச்சமும் சேர்ந்தே மங்கும். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டாலும் அதே கதைதான். டார்ச்சைத் தொடாமல் ஊர் வெளிச்சத்தை மட்டும் குறைப்பது ஷட்டர் ஒன்றே.

ஐஎஸ்ஓவை 100க்கும் ஷட்டரை 8 நொடிக்கும் இறக்குங்கள். பின்னணி ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். டார்ச் வெளிச்சமோ ஐஎஸ்ஓ குறைந்ததால் நாலில் ஒரு பங்குதான் ஆகும். 2 மீட்டருக்கு நெருங்கிப்போனால் அதையும் ஈடுகட்டலாம்: தூரம் பாதியானால் படும் வெளிச்சம் நாலு மடங்கு. டார்ச்சின் வெளிச்ச வட்டம் சிறுத்துவிடும் என்பதால் கையை நிறுத்தாமல் ஆட்டவேண்டும். 4 மீட்டரில் பாதி வெளிச்சம் சிலையைத் தாண்டி ஆற்றில்தான் விழுந்திருக்கும்.

முதலில் டார்ச் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அதில் சிலையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் போதும். நன்றாகவே தெரிந்தால் டார்ச்சுக்கு வேலையில்லை. சூரியன் மறைந்து 20 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். வானத்தில் மிச்சமிருக்கும் நீலம் நம் ஊரில் வெகுநேரம் நிற்காது.

சிற்பி சோங் ஃபா சியோங் 2000ஆம் ஆண்டில் செய்த அந்த ஐந்து சிறுவர்களும் ஒரே தூரத்தில் இல்லை. எல்லாரையும் ஒரே படத்தில் தீட்டப்போனால் கிட்டே இருப்பவன் வெளுப்பான், எட்ட இருப்பவன் கறுப்பான். ஆளுக்கொரு படம் எடுத்து, கணினியில் ‘லைட்டன்’ முறையில் (ஒவ்வோர் இடத்திலும் எந்தப் படம் வெளிச்சமோ அதையே எடுக்கும் முறை) அடுக்குங்கள். அதுவரை முக்காலியும் ஃபோக்கஸும் அசையக்கூடாது. ஃபோக்கஸை மேனுவலில் பூட்டிவிடுங்கள்.

கே: யூஓபி பிளாசா முன்னுள்ள, சிற்பி பொத்தேரோவின் பறவைச் சிலையில் டார்ச் அடித்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுகிறதே?
– ஈசூன் வாசகி

ப: வழவழப்பான வெண்கலம் கண்ணாடி மாதிரி, டார்ச்சின் பல்பையே திருப்பிக் காட்டும். நீங்கள் கையை அசைக்க அசைக்க அந்தப் புள்ளி, நத்தை ஊர்ந்த தடம்போல் கோடாக நீள்கிறது. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் உலோகப் பளபளப்பை அவ்வளவாக அடக்காது. ஒளி வரும் பரப்பைப் பெரிதாக்குவதே வழி. ஏ3 அளவு வெள்ளை அட்டையில் டார்ச்சை அடித்து, அட்டையிலிருந்து திரும்பும் வெளிச்சம் பறவைமேல் படட்டும். நேரமும் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் வயிற்றின் உருண்டை உருண்டையாகவே வரும். கேமராவின் பக்கத்தில் நின்று அடிக்காதீர்கள், சிலை தட்டையாகிவிடும். பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி நில்லுங்கள். கறுப்புச் சட்டை போட்டு நடந்துகொண்டே இருந்தால் நீங்கள் படத்தில் விழமாட்டீர்கள். பல்பு மட்டும் லென்ஸைப் பார்க்கக்கூடாது.

கே: சிலை நீலமாகவும் பின்னணி மஞ்சளாகவும் வருகிறது.
– தெம்பனிஸ் வாசகர்

ப: எல்இடி டார்ச் பெரும்பாலும் 6000 கெல்வின் (ஒளியின் நிற அளவு: எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) பக்கம்; சுற்றியுள்ள விளக்குகள் பல 3000 பக்கம். டார்ச் முகப்பில் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டி, கேமராவின் நிறச் சமன் அமைப்பான ஒயிட் பேலன்ஸை 4000இல் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும், அடுக்கும்போது ஒட்டாது.

கே: ரயிலைவிட்டு இறங்கி எடுத்த முதல் பத்துப் படமும் பனிமூட்டம்!
– செங்காங் வாசகர்

ப: ஏர்கானில் குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடி படியும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்திருந்து எடுங்கள்.