ரத்தக்குழாய் அடைப்பை நீக்கிய பிறகும் இதயத் தசை சாவது ஏன்?

ரத்தம்தான் திரும்பிவிட்டதே, பிறகு ஏன் செல்கள் சாகின்றன, அதில் செல் சமிக்ஞைகளுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்களைப் பார்த்தால் விடையில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

ஓட்டம் நின்றதும் செல் ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைத்து, தன் எரிபொருள் மூலக்கூறான ஏடிபியை எடுக்கப் பார்க்கிறது. உள்ளே அமிலம் சேர்ந்து பிஎச் 7-க்குக் கீழே இறங்குகிறது. கெடுதல் போலத் தெரியும் இந்த அமிலம்தான், செல்லுக்கு ஏடிபி செய்துதரும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கும் ஊடுருவல் துளையை அதுவரை மூடி வைத்திருக்கிறது. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது.

ரத்தம் பாய்ந்ததும் வெளியே இருந்த அமிலம் கழுவிக்கொண்டு போகிறது. செல் தன்னிடம் உள்ள ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளிச் சோடியத்தை உள்ளே வாங்குகிறது. சோடியத்தை இறைக்கும் பம்புக்கு ஏடிபி போதாது. ஆகவே வழக்கமாகக் கால்சியத்தை வெளியே அனுப்பும் சோடியம்-கால்சியம் பரிமாற்றி என்ற சவ்வுப் புரதம் தலைகீழாக ஓடிக் கால்சியத்தை உள்ளே கொட்டுகிறது. அடைப்பின்போது குவிந்த சக்சினேட் என்ற வளர்சிதைப் பொருளும் வேகமாக எரிந்து, வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடுகிறது. தடுத்துக்கொண்டிருந்த அமிலமும் போய்விட, துளை திறக்கிறது. அதன் பிறகு மைட்டோகாண்ட்ரியா ஏடிபி செய்வதை விட்டு, இருப்பதையும் உடைக்கத் தொடங்கும், வீங்கிக் கிழியும்.

செல்லைக் காக்கும் சமிக்ஞைகள் இந்தத் துளையைத்தான் குறிவைக்கின்றன. அது தெரியவந்தது ஒரு சோதனையிலிருந்து தொடங்கி. 1986-இல் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நாய்களின் இதயத் தமனியை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்தார்கள். இப்படி 4 முறை செய்த பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். செத்த தசை, இந்த முன்தயாரிப்பு இல்லாத நாய்களில் இருந்ததில் கால்வாசிதான். 40 நிமிடத்துக்குப் பதில் 3 மணி நேரம் அடைத்தபோது பலன் இல்லை. குட்டி அடைப்புகளில் வெளிவரும் அடினோசின், பிராடிகைனின், ஓபியாய்டு ஆகிய சமிக்ஞைப் பொருள்கள் செல்லின் ஏற்பிகளைத் தொட்டு, பிஐ3 கைனேஸ் என்ற நொதி வழியாக ஏகேடி என்ற நொதியையும், கூடவே ஈஆர்கே கைனேஸையும் எழுப்புகின்றன. அவற்றால் ஜிஎஸ்கே-3 பீட்டா என்ற நொதி அடங்குகிறது; துளை எளிதில் திறக்காது.

இத்தகைய காக்கும் மருந்துகளை ஆய்வகத்தில் சோதிக்கும்போது முதலில் தவறுவது நேரம். ரத்தம் திரும்பிப் பத்து நிமிடம் கழித்து மருந்து கொடுத்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதுவதில் பொருளில்லை. ஓட்டம் திரும்பும்போதே அது தசையில் இருக்க வேண்டும். அடுத்தது, செத்த தசையை அளக்கப் பயன்படும் டிடிசி சாயம். உயிருள்ள தசை செங்கல் சிவப்பாகும், செத்தது வெளிறி நிற்கும். ஆனால் மறு ஓட்டம் 2 மணி நேரமாவது நடக்காவிட்டால், செத்த செல்லிலிருந்து டிஹைட்ரஜனேஸ் நொதிகள் கழுவிப் போயிருக்காது. அதுவும் சிவந்து, சேதத்தைக் குறைத்துக் காட்டும். ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்தே இதயத்தைக் காக்கும் என்பதால், அதைப் பயன்படுத்தினால் ஒப்பீட்டுக் குழுவிலும் சேதம் குறைந்து, மருந்தின் பலன் மறைந்துவிடும்.

மறு ஓட்டத்தால் சேதம் வருகிறதென்று அடைப்பை நீக்கத் தாமதிக்கவே கூடாது. அடைபட்டே கிடந்தால் இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கும் சாவு வெளிப்புறம் வரை பரவும். அங்கே காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

மனிதர்களில் நிலைமை கடினம். துளையைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை, அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குச் சற்று முன் ஊசியாகக் கொடுத்த பெரிய சோதனை 2015-இல் பலனின்றி முடிந்தது. ஒரே துளையை ஒரே மருந்தால் அடைப்பது போதாதென்றே நான் கருதுகிறேன். கால்சியம் பெருக்கத்தையும் நுண்குழாய் அடைப்பையும் சேர்த்துக் கையாள வேண்டும். தமனி முழுதாக அடைபட்டு, முதல் சில மணி நேரத்துக்குள் வருபவர்களிடம்தான் அதைச் சோதிக்கவும் வேண்டும்.